அதே கோயிலா, அதே அம்மம்மாவா?

உயர்தரத்தில் அளவையியல் (தருக்கம்) படிக்கும் திருகோணமலை மாணவி ஒருவர் மூன்று கேள்விகளை ஒன்றாகக் கோத்துக் கேட்டிருக்கிறார். அவற்றின் சாரம் இது: “1622இல் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலும் இன்று திருகோணமலைச் சுவாமிமலையில் நிற்கும் கோயிலும் ஒரே கோயிலா? கல் மாறினால் கோயிலும் மாறிவிடும் என்றால், உடம்பின் உயிரணுக்கள் மாறிக்கொண்டே இருக்கும் நானும் வேறு ஆளாகிவிட்டேனா? எங்கள் அம்மம்மாவுக்கு மறதிநோய். என்னை அவருக்கு அடையாளம் தெரிவதில்லை. ஆனால், தேவாரத்தின் முதலடியை எடுத்துக் கொடுத்தால் பதிகம் முழுவதையும் பிழையில்லாமல் பாடி முடிக்கிறார். வாழ்நாள் முழுவதும் மச்சம் (மீன், இறைச்சி) தொடாதவர், இப்போது பக்கத்து வீட்டு மீன்குழம்பின் வாசம் வந்தால் எழுந்து உட்கார்ந்து தனக்கும் வேண்டும் என்று கேட்கிறார். கொடுக்கலாம் என்கிறார் மாமா, கூடாது என்கிறார் அம்மா. கேட்பவர் பழைய அம்மம்மாவே இல்லை என்றால் கொடுக்கலாம்தானே?”

பௌதிகவதீதம் (பொருள்களின் அடிப்படை இயல்பை ஆராயும் மெய்யியல்), உளமெய்யியல், ஒழுக்கவியல் ஆகிய மூன்றும் இதில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. முதலாவதற்கு விடை கிடைத்தால் இரண்டாவது தீரும், இரண்டாவது தீர்ந்தால் மூன்றாவது தானாகவே தீரும் என்று எண்ணுவது இயல்பு. அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி பொருந்தாது என்பதே என் நிலைப்பாடு. அம்மம்மா அதே ஆள்தான் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். ஆயினும் அதை நிறுவிய பின்னும் மீன்குழம்பைப் பற்றிய கேள்வி அப்படியே இருக்கும். அதை மறுத்தாலும் அப்படியே இருக்கும்.

முதலில் கோயில். இதற்கு மெய்யியலில் வழங்கும் கிரேக்க எடுத்துக்காட்டு பண்டைய வரலாற்றாசிரியர் புளூட்டாக் எழுதியது. புராண வீரன் தீசியஸ் கிரேத்தா தீவிலிருந்து திரும்பிவந்த முப்பது துடுப்புக் கப்பலை ஏதென்ஸ் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பேணினார்கள்; உக்கிப்போன பலகைகளைக் கழற்றிப் புதியவற்றைப் பொருத்தினார்கள்; அது அதே கப்பல்தானா என்பதில் மெய்யியலாளர் இரு கட்சியாகப் பிரிந்தார்கள். 1655இல் ஆங்கில மெய்யியலாளர் தோமஸ் ஹொப்ஸ் இதில் இன்னொரு முடிச்சைப் போட்டார். கழற்றிய பழைய பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து, அவற்றை அதே ஒழுங்கில் மீண்டும் கப்பலாகக் கட்டிவிட்டால், இப்போது கண்முன்னே இரண்டு கப்பல்கள் நிற்கும். ஒன்று இரண்டாக இருக்க முடியாது. அப்படியானால் எது தீசியஸின் கப்பல்?

கோணேசர் கோயிலின் வரலாறு ஹொப்ஸின் முடிச்சைவிடக் கடினமானது. அதுவும் கற்பனையில்லாமல் நடந்தது. இடிக்கப்பட்ட கோயிலின் கற்கள் அதே மலையடிவாரத்தில் போர்த்துக்கேயர் எழுப்பிய கோட்டைக்குப் போயின. பின்னர் ஒல்லாந்தர் கைக்கும் ஆங்கிலேயர் கைக்கும் மாறி, 1803இல் பிரெட்ரிக் கோட்டை என்று பெயர்பெற்ற அந்தக் கோட்டையின் வாசலைத் தாண்டித்தான் இன்றும் நாம் கோயிலுக்குப் போகிறோம். வாசற் கல்லில் இணைக்கயல் செதுக்கப்பட்டிருப்பதை நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பாண்டியரின் சின்னத்துக்குப் பறங்கியின் கோட்டையில் ஒரு வேலையும் இல்லை. அந்தக் கல் வேறொரு கட்டடத்துக்காகக் கொத்தப்பட்டது என்பதைச் சொல்ல வரலாற்று நூல் வேண்டியதில்லை. இது ஒரு வழி. இன்னொரு வழி திருகோணமலைக்கு அருகிலுள்ள தம்பலகாமத்துக்குப் போகிறது. மூர்த்திகளை அடியார்கள் மறைத்துக் கொண்டுபோய் வழிபட்டார்கள் என்பதும், தம்பலகாமம் ஆதிகோணநாயகர் கோயில் அந்த வழிபாட்டின் தொடர்ச்சி என்பதும் நம் மரபு. மூன்றாவது வழி இடம். கட்டடம் இல்லாத காலத்திலும் சுவாமிமலையின் உச்சியில் நின்று கடலை நோக்கிப் பூவும் பழமும் இட்டு வணங்குவது நிற்கவில்லை. 1950இல் கிணறு தோண்டும்போது மண்ணுக்குள்ளிருந்து சோமாஸ்கந்தர் முதலிய செப்புத் திருமேனிகள் வெளிவந்தன; 1956இல் மலையடியில் கடலுக்குள் சுழியோடிய மைக் வில்சன் லிங்கம் ஒன்றைக் கண்டெடுத்தார்; 1963இல் புதுக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது.

ஆக, ஹொப்ஸுக்கு இரண்டு கப்பல்கள் என்றால் நமக்கு மூன்று உரிமைகோரல்கள் உள்ளன. கோயில் என்பது அதன் கற்களே என்றால் படையினர் குடியிருக்கும் கோட்டைதான் கோணேசர் கோயில் என்றாகும். அப்படிச் சொல்பவர் எவரும் இல்லை. கோயில் என்பது அறுபடாத வழிபாடு என்றால் தம்பலகாமத்தின் கை ஓங்கும். இடம் என்றால் சுவாமிமலை. இதில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். போர்த்துக்கேயர் இடித்த கோயிலும் ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் காலத்தில் நின்ற கட்டடமல்ல. அரசர்கள் பலர் அதைக் கட்டியும் விரித்தும் இருக்கிறார்கள். சம்பந்தரோ இந்தக் கரைக்கு வந்ததில்லை. இராமேசுவரத்தில் நின்று பாடினார் என்பதே பெரியபுராண மரபு. பதிகத்தின் பாட்டுகளை எடுத்துப் பார்த்தால், “குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமாமலை அமர்ந்தாரே” என்று, அவர் கடலையும் மலையையும் அங்கு அமர்ந்தவரையும் பாடுகிறார். ஆகவே “சம்பந்தர் பாடியது இதையா” என்று கேட்டால், கல்லும் சுண்ணாம்பும் எத்தனை முறை மாறியிருந்தாலும் ஆம் என்றே சொல்லலாம்.

ஆகமம் இந்தச் சிக்கலைத் தன் வழியில் தீர்த்துவைத்திருக்கிறது என்பதை மேலைநாட்டு நூல்களில் மட்டும் படிப்பவர்கள் தவறவிட்டுவிடுகிறார்கள். திருப்பணிக்கு முன் பாலஸ்தாபனம் செய்து, மூலமூர்த்தியிலுள்ள தெய்வசக்தியைக் கும்பத்துக்கு எழுந்தருளப்பண்ணி, வேறிடத்தில் வைத்துப் பூசையை நிறுத்தாமல் நடத்துகிறோம். திருப்பணி முடிந்ததும் கும்பாபிஷேகத்தில் அந்தச் சக்தி மீண்டும் மூர்த்திக்கு வருகிறது. இடையில் கோபுரத்தையும் மண்டபத்தையும் பிரித்துக் கட்டினாலும் கோயில் மாறிவிட்டதா என்ற கேள்வியே எழாது; ஏனென்றால் எது தொடர வேண்டுமோ அது ஒரு நாளும் அறுபடாமல் கைமாறியிருக்கிறது. 1622இல் அதற்கு அவகாசம் கிடைக்கவில்லை. அதனால்தான் திருப்பணி கண்ட மற்றக் கோயில்களைப் பற்றிக் கேட்கத் தோன்றாத கேள்வி இந்தக் கோயிலைப் பற்றித் தோன்றுகிறது.

என் விடையைச் சொல்லிவிடுகிறேன். கற்கள் எங்கே போயின, வழிபாடு எங்கே தொடர்ந்தது, இடம் எது என்ற மூன்றும் தெரிந்துவிட்ட பிறகு, “அப்படியானால் உண்மையில் எதுதான் அந்தக் கோயில்” என்று கேட்பதற்குப் பின்னால் நாம் இன்னும் கண்டுபிடிக்காத நான்காவது உண்மை எதுவும் இல்லை. தொல்லியலாளர் கோட்டை வாசலுக்குப் போவார். அடியார் மலைக்கும் போவார், தம்பலகாமத்துக்கும் போவார். எவரும் பிழை செய்யவில்லை. சுவாமிமலையில் இருப்பதையே அதே கோயில் என்று நாம் அழைப்பதற்கு நல்ல காரணங்கள் உண்டு. ஆனால் அவை நாம் எதை மதிக்கிறோம் என்பதிலிருந்து பிறக்கும் காரணங்கள்.

ஆளைப் பற்றியும் இப்படிச் சொல்லிவிட முடியுமா என்பதே கடினமான கேள்வி. அதற்குள் போகுமுன் உயிரணுக்களைப் பற்றி ஒரு திருத்தம். ஏழு ஆண்டுக்கு ஒருமுறை உடம்பு முழுவதும் புதிதாகிவிடுகிறது என்று பலரும் சொல்வார்கள், அது சரியல்ல. செங்குருதிக் கலங்கள் ஏறத்தாழ 120 நாட்களில் அழிந்து புதியன வருகின்றன. குடலின் உட்புறப் படலம் சில நாட்களுக்குள் மாறுகிறது. ஆனால் மூளை மேற்பட்டையின் நரம்புக் கலங்கள் பெரும்பாலும் நம்முடன் பிறந்து நம்முடனேயே சாகின்றன. 1963க்கு முன் வளிமண்டலத்தில் நடத்தப்பட்ட அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கூட்டிவிட்ட காபன்-14 அளவை வைத்துக் கலங்களின் வயதைக் கணிக்கும் முறையைச் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்டார்கள். அதில் இது தெளிவாயிற்று. ஆயினும், அக்கலங்களுக்குள் இருக்கும் மூலக்கூறுகள் மாறிக்கொண்டேதான் இருக்கின்றன. ஆகவே உங்கள் கேள்வி திருத்தத்துக்குப் பின்னும் நிற்கிறது. உயிருள்ள உடம்பின் ஒருமை அதன் பொருளில் தங்கியிருக்கவில்லை, பொருளை உள்ளே வாங்கியும் வெளியே விட்டும் தன்னை நடத்திக்கொள்ளும் ஒரே தொழிற்பாட்டில் தங்கியிருக்கிறது என்று சொன்னால் போதும். இதில் பெரிய மர்மம் இல்லை.

மர்மம் மனத்தில் இருக்கிறது. ஆங்கில மெய்யியலாளர் ஜோன் லொக் தம் நூலின் 1694ஆம் ஆண்டுப் பதிப்பில், ஓர் ஆளை அதே ஆளாக்குவது உடம்புமன்று, ஆன்மாவுமன்று, முன்பு செய்ததைத் தான் செய்ததாக உணரும் உணர்வின் தொடர்ச்சியே என்று வாதிட்டார். இதை அப்படியே ஏற்றால் அம்மம்மாவின் கதை அன்றே முடிந்துவிட்டது. ஆனால் 1785இல் ஸ்கொட்லாந்து மெய்யியலாளர் தோமஸ் ரீட் இதற்குச் சொன்ன மறுப்பை எவராலும் எளிதில் தாண்ட முடியவில்லை. சிறுவயதில் பழத்தோட்டத்தில் திருடி அடிவாங்கிய ஒருவன் இளைஞனாகப் போரில் எதிரியின் கொடியைக் கைப்பற்றுகிறான், முதுமையில் தளபதியாகிறான். கொடியைக் கைப்பற்றியபோது அவனுக்கு அடிவாங்கியது நினைவிருந்தது. தளபதிக்குக் கொடி நினைவிருக்கிறது, அடி மறந்துவிட்டது. லொக்கின் விதிப்படி தளபதியும் வீரனும் ஒருவர். வீரனும் சிறுவனும் ஒருவர். ஆனால் தளபதியும் சிறுவனும் வேறு வேறு ஆட்கள். அ என்பது ஆ, ஆ என்பது இ, ஆனால் அ என்பது இ அன்று என்பதை அளவையியல் படிக்கும் நீங்கள் ஏற்கமாட்டீர்கள். பின்வந்தவர்கள் நேரடி நினைவுக்குப் பதிலாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறிவரும் நினைவுகளின் தொடர் இருந்தால் போதும் என்று விதியைத் திருத்தினார்கள். அந்தத் திருத்தமும் அம்மம்மாவைக் காப்பாற்றும்: தேவாரம் அவர் நாவில் நிற்கிறதே, அந்தத் தொடரின் ஓர் இழை இன்னும் அறவில்லை.

நம் நாட்டில் இந்தக் கேள்விக்கு இரண்டு பழைய விடைகள் அருகருகே வாழ்கின்றன. ஒன்று பௌத்தம். மிலிந்த மன்னனுக்கும் நாகசேனர் என்னும் பிக்குவுக்கும் நடந்த உரையாடலைச் சொல்லும் பாளி நூலில், தேர் என்பது அச்சுமன்று, சக்கரமுமன்று, நுகமுமன்று, அவற்றுக்கு அப்பால் தனிப்பொருளுமன்று, அவை கூடியபோது வழங்கும் பெயர் என்று காட்டி, ஆளும் அப்படியே என்கிறார் நாகசேனர். குழந்தையும் முதியவனும் அதே ஆளுமல்லர், வேறு ஆளுமல்லர். இரவு முழுவதும் எரியும் விளக்கின் முதற்சாமச் சுடரையும் கடைச்சாமச் சுடரையும் போல என்கிறார். அரசன் விடவில்லை. அதே ஆள் இல்லையென்றால் வினைப்பயனிலிருந்து தப்பிவிடலாமே என்று கேட்கிறான். அதற்கு வரும் மறுமொழி எனக்கு மிகப் பிடித்தது. பிறர் மரத்து மாம்பழத்தைத் திருடியவன், “அவர் நட்ட மாங்கொட்டை வேறு, நான் பறித்த மாம்பழம் வேறு” என்று சொல்லித் தப்ப முடியுமா? முடியாது, இது அதிலிருந்து வந்தது. ஒழுக்கப் பொறுப்புக்கு முற்றான ஒருமை வேண்டியதில்லை, காரணத் தொடர்ச்சி போதும் என்ற கருத்து இவ்வளவு சுருக்கமாக வேறெங்கும் சொல்லப்பட்டு நான் பார்த்ததில்லை.

மற்றது சைவசித்தாந்தம். சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தில் மெய்கண்டார் ஆன்மா உண்டு என்பதற்குக் காரணங்களை அடுக்குகிறார். ஒவ்வொன்றாக “இது நானல்ல” என்று தள்ளிக்கொண்டே போனாலும் தள்ளுகின்ற ஒன்று எஞ்சுகிறது, “என் உடம்பு” என்று உடையவனாகப் பேசுகிறோம், ஒரு பொறி மற்றதன் புலனை அறியாதிருக்க, ஐந்தையும் ஒருசேர அறிவது ஒன்று இருக்கிறது, உறக்கத்தில் உடம்பும் உயிர்ப்பும் இருந்தும் நுகர்வும் செயலும் இல்லை, உணர்த்தினால்தான் உணர்கிறது. நான்காம் சூத்திரம் அம்மம்மாவுக்கு இன்னும் நெருக்கமானது. மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்னும் அந்தக்கரணங்களில் எதுவும் ஆன்மா அன்று. அமைச்சரைக் கொண்டு ஆளும் அரசனைப் போல ஆன்மா அவற்றைக் கொண்டு அறிகிறது. கரணங்கள் ஒடுங்கும் அளவுக்கு நனவு, கனவு, உறக்கம் என அவத்தைகள் (நிலைகள்) மாறுகின்றன. இதன்படி மறதிநோய் என்பது கருவிகளின் தளர்ச்சி. உறங்குகிறவர் நம்மை அடையாளம் காணவில்லை என்பதால் அவர் இல்லாமற் போய்விட்டார் என்று நாம் சொல்வதில்லை.

நான் சித்தாந்தத்தின் பக்கம் நிற்பவன். அதனால் அதன்மேல் வைக்கப்படும் வலுவான தடையையும் சொல்லியாக வேண்டும். ஆன்மாவை எவரும் கண்டதில்லை. நேற்றிரவு அம்மம்மாவின் உடம்பில் இருந்த ஆன்மா போய், அதே நினைவுகளோடு வேறோர் ஆன்மா வந்திருந்தால் நமக்கு எப்படித் தெரியும்? ஜெர்மன் மெய்யியலாளர் காண்டும் இதை ஒத்த வினாவை எழுப்பினார். ஒரு பந்து மற்றொன்றை மோதித் தன் இயக்கம் முழுவதையும் அதற்குக் கொடுப்பதுபோல, ஒரு பொருள் தன் நினைவுகள் அனைத்தையும் அடுத்ததற்குக் கையளித்துக்கொண்டே போனால், கடைசிப் பொருள் எல்லாவற்றையும் தன்னுடையதாகவே உணரும். ஆனால் அதே பொருளாக இராது. இந்தத் தடையிலிருந்து ஆன்மா இல்லை என்று கொள்ளத் தேவையில்லை என்பது என் முடிவு. ஆன்மா இருப்பதும், நாம் ஆளை அடையாளம் காணும் வழியும் வேறு வேறு என்பதையே இது காட்டுகிறது. நாம் அடையாளம் காண்பது முகத்தையும் குரலையும் கொண்டு. திருநீற்றுக் கிண்ணத்தை நீட்டியதும் மூன்று விரல் தானாக மடங்கி எழுவதைக் கொண்டு.

இனி, ஆள் என்பதும் கோயிலைப் போலப் பிரியக்கூடியதா? 1960களில் மூளை ஆய்வாளர் ரோஜர் ஸ்பெரியும் அவருடைய குழுவும், கடும் வலிப்புநோய்க்காக மூளையின் இரு அரைக்கோளங்களை இணைக்கும் நரம்புக்கற்றை வெட்டப்பட்டவர்களை ஆராய்ந்தார்கள். 1981இல் ஸ்பெரிக்கு நோபல் பரிசு கிடைத்தது. இடப்பக்கப் பார்வைப் புலத்தில் ஒரு பொருளின் பெயரைக் காட்டினால், ஒன்றும் தெரியவில்லை என்று வாய் சொல்லும். இடக்கையோ திரைக்குப் பின்னால் அந்தப் பொருளைத் தடவி எடுத்துவிடும். இதை வைத்து மெய்யியலாளர் டெரெக் பார்ஃபிட் 1984இல் ஒரு படி மேலே போனார். என் மூளையின் இரு அரைகளையும் இரண்டு உடம்புகளில் பொருத்தி, இருவரும் என் நினைவோடும் குணத்தோடும் விழித்தால், நான் யார்? இருவரும் நான் என்றால் ஒன்று இரண்டாகிறது. ஒருவர் மட்டும் என்றால் எவர் என்பதற்குக் காரணமில்லை. எவருமில்லை என்றால், ஒருவர் பிழைத்திருந்தால் நான் வாழ்ந்திருப்பேன், இருவர் பிழைத்ததால் நான் செத்தேன் என்று ஆகும். இரட்டை வெற்றி எப்படித் தோல்வியாகும்? ஆகவே ஒருமை என்பது நாம் நினைக்கும் அளவுக்கு முக்கியமில்லை, நினைவும் நோக்கமும் குணமும் தொடர்வதே முக்கியம், அதுவும் கூடவும் குறையவும் கூடியது என்றார் அவர். தம்பலகாமத்தையும் சுவாமிமலையையும் பார்த்தவர்களுக்கு இந்தக் கட்டம் அந்நியமாகத் தோன்றாது.

பார்ஃபிட் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஒருவன் துறவு பூண்டால் பழைய வாழ்வின் பெரும்பகுதியை உதிர்த்துவிடுகிறான். முன்சொன்ன மைக் வில்சன் பிற்காலத்தில் சுவாமி சிவ கல்கி என்ற பெயரில் கதிர்காமக் கந்தனின் அடியாராக வாழ்ந்தார். லிங்கத்தைக் கண்டெடுத்த புண்ணியம் அந்தத் துறவிக்கு உரியதா என்று கேட்டால், எவ்வளவு தூரம் உரியது என்று அளவைப் பற்றிப் பேசுவது பொருளுள்ள பேச்சே. ஏற்காத பாதிக்குக் காரணம் மெய்யியலாளர் பேனாட் வில்லியம்ஸ் 1970இல் எழுதிய ஒரு சிந்தனைச் சோதனை. நாளை உன்னைச் சித்திரவதை செய்வார்கள் என்று ஒருவர் சொல்கிறார், அஞ்சுகிறேன். அதற்கு முன் உன் நினைவுகள் அனைத்தையும் அழித்துவிடுவார்கள் என்கிறார், அச்சம் குறையவில்லை. வேறொருவரின் நினைவுகளை உன்னில் புகுத்துவார்கள் என்கிறார், இன்னும் அஞ்சுகிறேன். நினைவும் குணமும் போனபின்னும் வலி என்னுடையதாகவே இருக்கும் என்று உள்ளே ஒன்று அறிந்திருக்கிறது. கோயிலுக்கு இப்படியொரு உள்ளிருந்து அறிதல் கிடையாது. கோயிலின் ஒருமையை நாம் தீர்மானிக்கலாம். அம்மம்மாவின் ஒருமை நம் தீர்மானத்துக்குக் காத்திருக்கவில்லை. ஊசி போடும்போது அவர் முகம் சுளித்தால், அந்த வலி ஒருவருக்கு நேர்கிறது. அந்த ஒருவர் உங்கள் அம்மாவைப் பெற்றவர்.

இப்போது மீன்குழம்பு. “பழைய அம்மம்மா இல்லையென்றால் கொடுக்கலாம்தானே” என்பதில் ஓர் எடுகோள் மறைந்திருக்கிறது: அதே ஆள் என்றால் பழைய விரதம் கட்டும், வேறு ஆள் என்றால் கட்டாது என்பது. இரண்டு பாதியும் பிழை. அதே ஆளாக இருந்தும் மனம் மாறிப் பழைய விரதத்தைக் கைவிடும் உரிமை எவருக்கும் உண்டு. நாற்பது வயதில் அம்மம்மா மீன் சாப்பிடத் தொடங்கியிருந்தால் யாரும் தடுத்திருக்க முடியாது. மறுபுறம், வேறு ஆள் என்றே கொண்டாலும், அவர் உடுத்திருப்பதும் படுத்திருப்பதும் மகளின் கையால் நடப்பதும் முன்னிருந்தவர் சேர்த்துவைத்த அன்பினால் என்றால், முன்னிருந்தவரின் விருப்பத்துக்கு ஒரு மதிப்பு இருக்கத்தான் செய்யும். ஆகவே ஒருமை இங்கே ஒன்றையும் முடிவுசெய்யவில்லை.

சட்ட மெய்யியலாளர் ரொனால்ட் டுவோர்க்கின் 1993இல், அனுபவத்தின் இன்பதுன்பம் வேறு, தன் வாழ்வு எப்படிப்பட்டதாக அமைய வேண்டும் என்று ஒருவர் ஆய்ந்து கொண்ட கொள்கை வேறு என்று பிரித்து, தெளிவோடு இருந்தபோது சொன்ன விருப்பமே மறதிநோய் வந்தபின்னும் மேலோங்க வேண்டும் என்றார். சட்ட அறிஞர் ரெபேக்கா டிரெஸ்ஸர் இதை மறுத்து, நம்முன் இருப்பவர் இன்றைய மனிதர், அவருடைய இன்றைய நலத்தைக் கடந்தகாலக் கூற்றுக்குப் பலியிடக் கூடாது என்றார். டிரெஸ்ஸரின் பக்கத்தில் உண்மை இருக்கிறது. அயோவாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அல்சைமர் நோயாளருக்குத் துயரப் படக்காட்சிகளையும் மகிழ்ச்சிக் காட்சிகளையும் காட்டினார்கள். பார்த்தது மறந்தபின்னும் அந்தத் துயரும் மகிழ்ச்சியும் அவர்களிடம் தங்கியிருந்தன. அதாவது “இவ மறந்திடுவா” என்று சொல்லி அதட்டுவதற்கு நமக்கு உரிமை இல்லை. காரணம் மறந்துபோன துயரமும் முழுத் துயரமே.

உங்கள் அம்மாவிடமும் மாமாவிடமும் நான் கேட்க விரும்புவது, அவர் ஏன் மச்சம் தொடாதிருந்தார் என்பதை. கோயிலுக்குப் போகும் தூய்மைக்காக என்றால், அந்தக் கடமை நோயாளியைக் கட்டுவதில்லை. நோயாளிக்கும் முதியவருக்கும் விரதத் தளர்வு தருவது நம் வழக்கம்தான். மாமியார் வீட்டுப் பழக்கத்துக்கு இணங்கித் தொடர்ந்தது என்றால், அவர் அதைத் தம் கொள்கையாக ஒருபோதும் தேர்ந்தெடுத்திருக்கவே மாட்டார். அந்த நிலையில் மாமா சொல்வதே சரி. ஆனால் உயிர்க்கொலைக்கு அஞ்சி விட்டவர் என்றால், அந்த விரதம் அவரைப் பற்றியதே அன்று. கொல்லப்படும் உயிரைப் பற்றியது. அவர் மறந்ததால் அந்தக் காரணம் மறையாது. தம் கையாலும் வாயாலும் ஓர் உயிர் வதைபடக் கூடாது என்று அறிவோடு முடிவெடுத்து வாழ்ந்தவரின் கையை, அவர் அறியாத வேளையில் நாம் பிடித்து அதற்கு எதிராக நடத்துவது, தேவாரம் இன்னும் ஓடும் அந்த நாவுக்குச் செய்யும் அநீதி என்றே நான் எண்ணுகிறேன். அப்போது அம்மாவின் பக்கம் நிற்பேன்.

அப்படி நின்றாலும் அவர் கேட்டுக்கொண்டே இருக்க, இல்லை இல்லை என்று மறுப்பது தீர்வாகாது. அவரை எழுப்பி உட்காரவைக்கும் அந்த வாசத்தில் பெரும்பங்கு பழப்புளிக்கும், வறுத்துத் திரித்த கறித்தூளுக்கும், வெந்தயமும் உள்ளியும் தாளித்துத் தேங்காய்ப்பால் விட்டு வற்றவைக்கும் குழம்புக்கும் உரியது. வாழைக்காயைத் தடித்த துண்டாக வெட்டி அதே கூட்டில், அதே சட்டியில் காய்ச்சிக் கொடுங்கள். அப்போது உங்களுக்கு இன்னொரு கேள்வி வரும்: இது ஏமாற்றா? புரைதீர்ந்த நன்மை பயக்குமானால் பொய்மையும் வாய்மையின் இடத்தில் நிற்கும் என்கிறார் வள்ளுவர். கொலைகாரனிடம்கூடப் பொய் சொல்லக் கூடாது என்று 1797இல் எழுதினார் காண்ட். இந்தப் பெரிய வழக்குக்குள் நீங்கள் போக வேண்டியதில்லை. “மீன்” என்று சொல்லிக் கொடுத்தால் பொய்; “அம்மம்மா, குழம்பு கேட்டனீங்கள், இந்தாங்கோ” என்று கொடுத்தால் சொன்ன சொல் முழுவதும் உண்மை. அவர் இது மீனா என்று நேராகக் கேட்டால், வாழைக்காய் என்று சொல்லுங்கள். தட்டைத் தள்ளிவிட்டு மீன்தான் வேண்டும் என்று நாள்தோறும் அழுதால், நான் மேலே சொன்ன முடிவை வீட்டிலுள்ள எல்லோரும் இருந்து மீண்டும் எடைபோட வேண்டும். அவருடைய அன்றைய கொள்கையின் எடை மாறாதது. இன்றைய துன்பத்தின் எடை ஒவ்வொரு நாளும் கூடிக்கொண்டே போகக்கூடியது. தராசு எந்த நாளில் அந்தத் துன்பத்தின் பக்கம் தாழ்ந்து இறங்கும் என்பதைக் கட்டிலருகே இருப்பவர்களே அறிவார்கள்.